கேட்டும் கேளாத நகரம்

யூதா நாட்டு அரசன் யோயாக்கீம் குளிர்கால அரண்மனையில் கணப்பின் எதிரே உட்கார்ந்திருந்தான். ஆண்டு கி.மு. 604. எபிரெயக் கணக்கில் ஒன்பதாம் மாதம். நம் கணக்கில் டிசம்பரை ஒட்டிய நாட்கள். தீர்க்கதரிசி எரேமியா சொல்லச் சொல்ல, பாருக்கு என்ற எழுத்தர் எழுதிய சுருள் ஒன்றை யெகுதி என்ற அரண்மனை அலுவலர் வாசித்துக்கொண்டிருந்தார். மூன்று நான்கு பத்திகள் முடிந்ததும், எழுத்தர்கள் வைத்திருக்கும் சூரிக்கத்தியால் அரசன் அந்தப் பகுதியை அறுத்து நெருப்பில் எறிந்தான். யெகுதி அடுத்த பத்திகளை வாசித்தார். அவையும் அறுபட்டன, எரிந்தன. சுருள் தீரும்வரை இப்படியே நடந்தது. எரேமியா நூலின் 36ஆம் அதிகாரம் சொல்லும் இந்தக் காட்சியில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அரசன் சுருளை வாசிக்காதே என்று தடுக்கவில்லை. பத்தி பத்தியாகக் கேட்டான். கேட்ட பகுதியைத்தான் எரித்தான்.

இறைவார்த்தை ஏன் புறக்கணிக்கப்படுகிறது என்று கேட்டால் நம்மிடம் சில பதில்கள் தயாராக இருக்கும். மக்களுக்குப் புரியவில்லை, சொல்கிறவர் சரியாகச் சொல்லவில்லை, காலம் மாறிவிட்டது, ஆதாரம் போதவில்லை. எருசலேமின் கடைசி நாற்பது ஆண்டுகளை எரேமியா நூலின் வழியாகவும், மண்ணிலிருந்து கிடைத்த சான்றுகளின் வழியாகவும் பார்க்கிறவருக்கு இந்தப் பதில்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழும். அந்த நகரத்துக்கு வார்த்தை நன்றாகவே புரிந்திருந்தது. புரிந்ததால்தான் எரித்தார்கள். கேட்கிறவரின் பணப்பையிலும் வீட்டு வேலைக்காரர்களிடத்திலும் அந்த வார்த்தை ஒரு மாற்றத்தைக் கேட்டது. அதைக் கொடுக்க மனம் வராதவர்களே அதைத் தள்ளினார்கள்.

யோயாக்கீமின் தந்தை யோசியாவின் காலத்தில், கி.மு. 622 வாக்கில், இதே போன்ற ஒன்று நடந்திருந்தது. ஆலயத்தைப் பழுதுபார்க்கும்போது பிரதான ஆசாரியர் இல்க்கியா ஒரு நியாயப்பிரமாணச் சுருளைக் கண்டெடுத்தார். அரண்மனைச் செயலர் சாப்பான் அதை அரசனுக்கு வாசித்துக் காட்டினார். யோசியா தன் உடையைக் கிழித்துக்கொண்டு, இதைப் பற்றிக் கர்த்தரிடம் விசாரியுங்கள் என்று உல்தாள் என்ற பெண் தீர்க்கதரிசியிடம் ஆள் அனுப்பினான். தந்தை உடையைக் கிழித்தான், மகன் சுருளை அறுத்தான். இடையில் ஓடியது பதினெட்டு ஆண்டுகள்தான். அறியாமை என்று இதைச் சொல்ல முடியாது. மகன் வளர்ந்ததே அந்தச் சீர்திருத்தத்தின் நடுவில். வெளியுலக நிலைமையும் எச்சரிக்கையை மெய்யாக்கிக்கொண்டே வந்தது. கி.மு. 605இல் கர்கேமிசில் பாபிலோனின் நேபுகாத்நேச்சார் எகிப்தியப் படையைத் தோற்கடித்தான். மறு ஆண்டு அதே ஒன்பதாம் மாதத்தில் கடற்கரை நகரமான அஸ்கலோன் பாபிலோனியர் கையில் அழிந்ததைப் பாபிலோனிய அரசக் குறிப்பேடு பதிவு செய்திருக்கிறது. களிமண் பலகையில் ஊர்ப்பெயர் சிதைந்திருந்தாலும் அறிஞர்களில் பெரும்பாலோர் அதை அப்படித்தான் வாசிக்கிறார்கள். எருசலேமில் அப்போது எல்லோரும் உபவாசம் இருக்கும்படி அறிவித்ததற்குக் காரணமே அந்தச் செய்திதான் என்றும் பலர் கருதுகிறார்கள். ஊரே பயந்து உபவாசம் இருந்த நாட்களில்தான் அரசன் சுருளை எரித்தான். அவனும் அவனுடைய ஆட்களும் அஞ்சவில்லை, உடையைக் கிழிக்கவில்லை என்று நூல் தனியாகக் குறிப்பிடுகிறது.

அந்த வார்த்தை அரசனிடம் அப்படி என்ன கேட்டது? 22ஆம் அதிகாரத்தில் விடை கிடைக்கிறது. யோயாக்கீம் தனக்கு ஒரு புதிய மாளிகை கட்டிக்கொண்டிருந்தான். விசாலமான மேலறைகள், பெரிய ஜன்னல்கள், தேவதாரு மரப் பலகைகள், சிவப்பு வண்ணப் பூச்சு. வேலை செய்தவர்களுக்குக் கூலி கொடுக்கவில்லை. அவனை அரியணையில் ஏற்றியவன் எகிப்து அரசன் நெகோ. நெகோ விதித்த நூறு தாலந்து வெள்ளியையும் ஒரு தாலந்து பொன்னையும் மக்களிடம் வரியாகப் பிடுங்கிக்கொண்டே, மறுபக்கம் இந்த மாளிகையையும் யோயாக்கீம் எழுப்பினான். எரேமியா அவனிடம் மந்திர தந்திரமாகவோ மறைபொருளாகவோ எதுவும் சொல்லவில்லை. உன் தகப்பனும் சாப்பிட்டான், குடித்தான். அதோடு ஏழைக்கும் எளியவனுக்கும் நியாயம் செய்தான், கர்த்தரை அறிவது என்றால் அதுதான் என்ற பொருளில் பேசினார். பைபிளில் இதைவிடத் தெளிவான இடங்கள் குறைவு. கடவுளை அறிவது என்பதற்கு விளக்கமாக ஒரு தீர்க்கதரிசி ஏழையின் வழக்கைக் காட்டுகிறார். கூலி பாக்கி வைத்திருக்கிற அரசனுக்கு இதன் பொருள் விளங்காமல் போயிருக்குமா?

இங்கே நேர்மையாகப் பதில் சொல்லவேண்டிய ஒரு மறுப்பு எழுகிறது. எருசலேம் மக்கள் வெறும் அலட்சியத்தால் நம்பாமல் இருக்கவில்லை, அவர்களுடைய நம்பிக்கைக்கு வரலாற்று ஆதாரமே இருந்தது என்பதுதான் அது. கி.மு. 701இல் அசீரிய அரசன் சனகெரிப் யூதாவின் கோட்டை நகரங்களை வரிசையாக வீழ்த்தி எருசலேமையும் முற்றுகையிட்டான். அரசன் எசேக்கியாவைக் கூண்டுப் பறவையைப் போல அடைத்துவைத்ததாகத் தன் கல்வெட்டுகளில் பெருமை பேசிக்கொண்டான். ஆனால் நகரத்தைப் பிடித்ததாக அவனே எங்கும் சொல்லவில்லை. அன்று, நகரம் விழாது என்று தீர்க்கதரிசி ஏசாயா சொன்னார், விழவில்லை. நூறு ஆண்டுகள் கழித்து, இது கர்த்தரின் ஆலயம், இதற்கு ஒன்றும் நேராது என்று மக்கள் திரும்பத் திரும்பச் சொன்னதற்குப் பின்னால் அந்த நினைவு இருந்தது. அவர்கள் நம்பியதும் ஒரு இறைவார்த்தையைத்தானே?

ஆம், இறைவார்த்தையைத்தான் நம்பினார்கள். ஆனால் பாதியை மட்டும் நம்பினார்கள். ஏசாயா நூல் தொடங்குவதே, நியாயம் இல்லாத கைகளோடு வந்து பலி செலுத்தவேண்டாம், திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் முதலில் வழக்காடுங்கள் என்ற கண்டிப்போடுதான். அந்தக் கண்டிப்பு காற்றோடு போயிற்று. வாக்குறுதி மட்டும் பரம்பரைச் சொத்தாகக் கைமாறியது. எரேமியா ஆலய வாசலில் நின்று பேசிய 7ஆம் அதிகாரப் பிரசங்கம் இந்தப் பாதி நம்பிக்கையைத்தான் உடைக்கிறது. திருடிவிட்டு, பொய்ச்சத்தியம் செய்துவிட்டு, அந்நியனையும் அநாதையையும் விதவையையும் ஒடுக்கிவிட்டு, இங்கே வந்து நின்றால் தப்பித்துவிடலாம் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டார். சீலோவுக்குப் போய்ப் பாருங்கள், அங்கேயும் கர்த்தரின் இடம் இருந்தது, இன்று என்ன ஆயிற்று என்றார். பழைய இறைவார்த்தையைக் கொண்டே புதிய இறைவார்த்தையைத் தள்ளுவது பக்திமான்களால் மட்டுமே முடிகிற காரியம். என் கணிப்பில், வார்த்தையைத் தள்ளும் வழிகளில் இதுவே மிகவும் ஆபத்தானது. நாத்திகனின் மறுப்பு வெளிப்படையானது. அதோடு வாதாட முடியும். இந்த மறுப்போ பாட்டும் ஜெபமுமாக வருவதால் அது மறுப்பு என்பதே தெரிவதில்லை.

அந்தப் பிரசங்கத்துக்காக எரேமியாவைக் கொல்லவேண்டும் என்று ஆசாரியர்களும் மற்ற தீர்க்கதரிசிகளும் பிடித்துக்கொண்டார்கள். வழக்கு 26ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அப்போது நாட்டு மூப்பர்களில் சிலர் எழுந்து ஒரு முன்னுதாரணம் சொன்னார்கள். எசேக்கியாவின் காலத்தில் மொரேசா ஊரைச் சேர்ந்த மிகா என்பவரும் இந்த மலை வயலைப்போல உழப்படும் என்றுதான் சொன்னார். அரசன் அவரைக் கொன்றானா? இல்லை, கர்த்தருக்குப் பயந்து மன்றாடினான்; வரவிருந்த கேடும் விலகியது. இந்த வாதத்தைக் கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டும். மிகா சொன்னது அப்போது நடக்கவில்லை. அதனால் அவரைப் பொய்த் தீர்க்கதரிசி என்று யாரும் ஒதுக்கவில்லை. மாறாக, அவர் வார்த்தை கேட்கப்பட்டது என்பதற்கு அது நடக்காமல் போனதையே சாட்சியாக மூப்பர்கள் காட்டினார்கள். அப்படியானால் எச்சரிக்கையாக வரும் இறைவார்த்தை எதிர்காலத்தை முன்கூட்டிச் சொல்லிக் கைதட்டல் வாங்குவதற்காக வருவதில்லை. தான் பலிக்காமல் போகவேண்டும் என்றுதான் அது வருகிறது. யோயாக்கீம் எரித்த சுருளின் நோக்கமும் அதுதான். ஒருவேளை இவர்கள் கேட்டுத் திரும்புவார்கள், நான் மன்னிப்பேன் என்ற எதிர்பார்ப்போடுதான் அது எழுதப்பட்டது என்று அந்த அதிகாரத்தின் தொடக்கமே சொல்கிறது. சாப்பானின் மகன் அகீக்காம் துணை நின்றதால் எரேமியா உயிர் தப்பினார். அதே செய்தியைச் சொன்ன உரியா என்ற இன்னொரு தீர்க்கதரிசிக்கு அப்படி யாரும் இல்லை. எகிப்துக்கு ஓடியவரைப் பிடித்துவந்து வெட்டிப் பொதுமக்களின் புதைகுழியில் போட்டார்கள்.

இன்னொரு மறுப்பு இன்றைய வாசகருக்கு நெருக்கமானது. கர்த்தர் சொல்கிறார் என்று எல்லோரும்தான் சொன்னார்கள். அனனியா என்ற தீர்க்கதரிசியும் சொன்னார், எரேமியாவும் சொன்னார். சாதாரண மனிதன் எப்படிப் பிரித்தறிவான்? யூதாவின் கடைசி அரசன் சிதேக்கியா எருசலேமில் ஆண்ட நாலாம் ஆண்டில் இருவருக்கும் மோதல் நடந்தது. ஏதோம், மோவாப், அம்மோன், தீரு, சீதோன் நாடுகளின் தூதர்கள் எருசலேமுக்கு வந்திருந்தார்கள். பாபிலோனுக்கு எதிராகக் கூட்டணி சேரும் யோசனை. எரேமியா கழுத்தில் மர நுகத்தோடு வந்து, பாபிலோனுக்கு அடங்கியிருங்கள் என்றார். அனனியா அந்த நுகத்தைக் கழற்றி உடைத்து, இரண்டே ஆண்டில் எல்லாம் திரும்பிவிடும், பாபிலோனியர் முன்பு கொள்ளையிட்டுப் போன ஆலயப் பாத்திரங்களும் வந்துசேரும் என்றார். அதற்கு எரேமியாவின் முதல் பதில் ஆமென். அப்படியே ஆகட்டும் என்று மனதாரச் சொன்னார். நாடு அழிவதில் அவருக்கு எந்த ஆனந்தமும் இல்லை. பிறகு ஒரு அளவுகோலைச் சொன்னார்: எனக்கு முன்னிருந்த தீர்க்கதரிசிகள் போரையும் பஞ்சத்தையும் பற்றித்தான் பேசினார்கள், சமாதானம் வரும் என்கிறவரை அது வந்தபிறகுதான் நம்பவேண்டும். இதன் உட்பொருள் எளிது. கேட்கிறவரிடம் எதையும் கேட்காத, இருக்கிறபடியே இருங்கள் என்று தட்டிக்கொடுக்கிற செய்திக்குக் கூடுதல் சோதனை தேவை.

ஆனால் இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்ளக் கூடாது. என்னை எல்லோரும் வெறுக்கிறார்கள், ஆகவே நான் சொல்வது இறைவார்த்தை என்று கிளம்புகிறவர்கள் எல்லா மதங்களிலும் இருக்கிறார்கள். புறக்கணிப்பு எதற்கும் நிரூபணம் ஆகாது. பொய்யரும் புறக்கணிக்கப்படுகிறார், பைத்தியக்காரரும் புறக்கணிக்கப்படுகிறார். எரேமியாவிடம் வேறு அடையாளங்கள் இருந்தன. அவர் சொன்னது மோசேயின் சட்டத்தில் ஏற்கெனவே இருந்ததுதான். புதிய சரக்கு ஒன்றும் இல்லை. அதைச் சொன்னதால் அவருக்கு ஒரு காசு லாபம் வரவில்லை. சொந்த ஊரான ஆனதோத்தாரே அவரைக் கொல்லத் திட்டமிட்டார்கள். தான் பிறந்த நாளைச் சபித்ததையும், கர்த்தர் தன்னை ஏமாற்றிவிட்டதாகக் கதறியதையும் அவர் நூல் மறைக்கவில்லை. ஆட்களைச் சேர்க்க நினைக்கிற யாரும் தன்னைப் பற்றி இப்படி எழுதிவைக்க மாட்டார்கள்.

புரியவில்லை என்ற சாக்கை முழுவதுமாக உடைக்கிற நிகழ்ச்சி 34ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. எரேமியா நூலில் எனக்கு மிகவும் வலிக்கிற பக்கமும் அதுதான். கடனுக்காக அடிமையான எபிரெயரை ஏழாம் ஆண்டில் விடுவிக்கவேண்டும் என்பது சட்டம். தலைமுறைகளாக அதை யாரும் மதிக்கவில்லை. பாபிலோன் படை நகரைச் சூழ்ந்தபோது சிதேக்கியாவும் பிரபுக்களும் ஆலயத்தில் உடன்படிக்கை செய்து, ஆண் பெண் அடிமைகள் எல்லோரையும் விடுவித்தார்கள். கன்றை இரண்டாகப் பிளந்து அதன் துண்டங்களின் நடுவே நடந்துபோய் உறுதி எடுத்தார்கள். மீறினால் எனக்கும் இந்தக் கதி வரட்டும் என்பது அந்தச் சடங்கின் பொருள். வார்த்தை கேட்கப்பட்டுவிட்டது. பிறகு எகிப்துப் படை வருகிறது என்ற செய்தி கிடைத்துப் பாபிலோனியர் முற்றுகையைத் தளர்த்தி விலகினார்கள். மூச்சுவிட இடம் கிடைத்ததும் அந்தப் பிரபுக்கள் செய்த முதல் வேலை, விடுவித்த அடிமைகளைத் திரும்பப் பிடித்து வேலைக்கு இழுத்ததுதான். ஒரு பெண் சில வாரங்கள் தன் விருப்பப்படி எழுந்து நடமாடியிருப்பாள். பழைய எஜமான் வாசலில் வந்து நிற்கிறான். அவர்களுக்குச் சட்டம் தெரியாது என்று யார் சொல்ல முடியும்? தெரிந்தது, செய்தார்கள், செய்ததைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஆபத்து விலகியதும் வார்த்தையும் காலாவதியாகிவிட்டதாக எடுத்துக்கொண்டார்கள்.

எரேமியா தேசத்துரோகி என்ற குற்றச்சாட்டையும் ஒதுக்கிவிட முடியாது. முற்றுகைக்குள் இருக்கிற நகரத்தில் ஒருவர், சரணடைகிறவன் பிழைப்பான் என்று பேசினால் எந்த அரசு சும்மா இருக்கும்? அவர் போர்வீரரின் கைகளைத் தளரச் செய்கிறார் என்று பிரபுக்கள் அரசனிடம் முறையிட்டார்கள். அது அக்காலத்தில் புழங்கிய பேச்சுதான் என்பதற்கு வெளிச் சான்றே இருக்கிறது. 1935இல் ஜேம்ஸ் ஸ்டார்க்கி தலைமையில் லாகீஸ் கோட்டை வாசலின் காவலறையில் தோண்டியபோது மையால் எழுதிய உடைந்த பானை ஓடுகள் கிடைத்தன; யூதாவின் கடைசி நாட்களின் ராணுவக் கடிதங்கள் அவை. ஒன்றில், லாகீசின் தீ அடையாளங்களைக் கவனித்துக்கொண்டிருக்கிறோம், அசெக்காவைக் காண முடியவில்லை என்ற செய்தி இருக்கிறது. அழியாமல் மிஞ்சிய கோட்டைகள் என்று எரேமியா நூல் சொல்வதும் இந்த இரண்டு ஊர்களைத்தான். இன்னொரு ஓட்டில், அதிகாரிகளின் சொற்கள் கைகளைத் தளரச் செய்கின்றன என்ற அதே குறை எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே குற்றச்சாட்டு கற்பனை அல்ல. பயந்துபோன ஒரு நாட்டின் உண்மையான கவலை. ஆனாலும் பதில் உண்டு. எரேமியா நகரை விட்டுப்போய்ப் பாபிலோனில் பதவி வாங்கவில்லை. நகரம் விழுந்தபின், எங்களோடு வா, உன்னைப் பார்த்துக்கொள்கிறோம் என்று பாபிலோனியத் தளபதியே அழைத்தபோதும், இடிபாடுகளில் மிஞ்சிய ஏழைகளோடுதான் தங்கினார். தன் மக்களை விற்கிறவன் இப்படிச் செய்வதில்லை.

சிதேக்கியாவின் நிலைதான் பரிதாபம். அவன் எரேமியாவை வெறுக்கவில்லை. ரகசியமாக ஆள் அனுப்பி அழைத்து, கர்த்தரிடமிருந்து ஏதாவது வார்த்தை உண்டா என்று கேட்டான். சரணடைந்தால் நகரமும் எரியாது, நீயும் உன் வீட்டாரும் பிழைப்பீர்கள் என்ற பதிலும் கிடைத்தது. ஏற்கெனவே பாபிலோன் பக்கம் போய்விட்ட யூதர்கள் தன்னைக் கேலி செய்வார்களே என்று பயந்தான். இந்தப் பேச்சு யாருக்கும் தெரியவேண்டாம் என்று சொல்லி அனுப்பினான். இடித்துச் சொல்லும் பெரியோர் துணை இல்லாத அரசன், கெடுப்பதற்குப் பகைவன் இல்லாமலே கெடுவான் என்பது வள்ளுவர் கண்ட நியதி. சிதேக்கியாவுக்கு அந்தத் துணை இருந்தது. தனியறையில் கேட்டதைச் சபையில் செய்யத்தான் துணிவில்லை. பிரபுக்கள் எரேமியாவைச் சேறு நிறைந்த துரவில் இறக்கியபோது, உங்களை மீறி என்னால் என்ன செய்ய முடியும் என்று கைகழுவினான். அவரைத் தூக்கி எடுத்தவர் எபெத்மெலேக், அரண்மனையில் வேலை பார்த்த எத்தியோப்பியர். கயிறு அக்குளை அறுக்காமல் இருக்கப் பழந்துணிகளையும் கந்தைகளையும் முதலில் இறக்கி, அக்குளுக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னவர் அவர். அந்நியர், அரண்மனை ஊழியர். நகரத்திலேயே இறைவார்த்தைக்கு இவ்வளவு கரிசனத்தோடு இடம் கொடுத்த ஆள் அவர்தான்.

எல்லாம் முடிந்தபிறகு எழுதிவைத்த கதை என்று சந்தேகிப்பவர்களும் இருக்கிறார்கள். நூல் பல கட்டங்களில் தொகுக்கப்பட்டது என்பதை அறிஞர்கள் ஏற்கிறார்கள், நானும் மறுக்கவில்லை. ஆனால் அதன் மனிதர்கள் மண்ணுக்குள் இருந்தார்கள். 1982இல் எருசலேமின் தாவீதின் நகரம் பகுதியில் யிகால் ஷிலோ நடத்திய அகழாய்வில் சுமார் ஐம்பது களிமண் முத்திரைப் பதிவுகள் கிடைத்தன. அவை கட்டியிருந்த பத்திரங்கள் நகரை அழித்த தீயில் கருகிவிட்டன. அதே தீயில் களிமண் வெந்து கெட்டிப்பட்டுப் பிழைத்தது. அவற்றுள் ஒன்றில், சாப்பானின் மகன் கெமரியா என்ற பெயர் இருக்கிறது. பாருக்கு சுருளை முதன்முதலில் மக்களுக்கு வாசித்தது அந்தக் கெமரியாவின் அறையிலிருந்துதான். எரேமியாவைத் துரவில் போடச் சொன்ன பிரபுக்களில் இருவர் செலேமியாவின் மகன் யூகாலும், பஸ்கூரின் மகன் கெதலியாவும். அவர்கள் பெயர் பொறித்த முத்திரைப் பதிவுகளை எய்லாட் மசார் 2005இலும் 2008இலும் அதே குன்றில் கண்டெடுத்தார். பெயர்ப் பொருத்தம் மட்டும் போதாது என்று எச்சரிப்பவர்கள் உண்டு என்றாலும், காலமும் தகப்பன் பெயரும் சேர்ந்து பொருந்துவதைத் தற்செயல் என்று தள்ளுவது கடினம். இன்னொன்றும் கவனிக்கலாம். யோயாக்கீமுக்கு அரியணையில் உட்கார வாரிசு இருக்காது என்று எரேமியா சொன்னார். அவன் மகன் யோயாக்கீன் மூன்று மாதம் ஆண்டான். பின்னால் உட்கார்ந்து கதை கட்டியவர்கள் இந்த இடத்தைச் சரிசெய்திருப்பார்கள். செய்யவில்லை.

கி.மு. 587 அல்லது 586இல் நகரம் எரிந்தது. அதோடு மக்கள் எரேமியாவை நம்பியிருக்கவேண்டும் அல்லவா? இல்லை. ஆதாரம் கிடைத்தால் கேட்பார்கள் என்ற எண்ணத்துக்கு 42, 43ஆம் அதிகாரங்கள் முடிவு கட்டுகின்றன. மிஞ்சியவர்கள் எரேமியாவிடம் வந்து, நன்மையானாலும் தீமையானாலும் கர்த்தர் சொல்வதைச் செய்வோம், கேட்டுச் சொல்லுங்கள் என்று சத்தியம் செய்தார்கள். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது: எகிப்துக்குப் போகவேண்டாம், இங்கேயே தங்குங்கள். உடனே, நீ பொய் சொல்கிறாய், பாருக்கு உன்னைத் தூண்டிவிடுகிறான் என்றார்கள். நாற்பது ஆண்டுகள் சொன்னது கண்ணெதிரே பலித்திருந்தும், எகிப்துக்குப் போகும் ஆசைக்குக் குறுக்கே வந்ததால் அவர் மறுபடி பொய்யரானார். அவரையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போனார்கள்.

ஆனாலும் கேட்டவர்களே இல்லை என்று சொன்னால் அது உண்மைக்கு மாறு. சாப்பான் குடும்பத்தைப் பாருங்கள். சாப்பான் யோசியாவுக்கு வாசித்தார். மகன் அகீக்காம் எரேமியாவைக் காப்பாற்றினார். இன்னொரு மகன் கெமரியா அறை கொடுத்தார், சுருளை எரிக்கவேண்டாம் என்று அரசனிடம் கெஞ்சியவர்களில் ஒருவர். எலெயாசா என்ற மகன், நகரம் விழுமுன்பே சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தைப் பாபிலோனுக்குக் கொண்டுபோனார். சுருளுக்காக அரசனிடம் கெஞ்சியவர்களுள் எல்நாத்தான் என்ற பிரபுவும் இருந்தார். உரியாவை எகிப்திலிருந்து பிடித்துவரப் போனவர் அவரேதான். ஒரு தீர்க்கதரிசியின் ரத்தத்தில் பங்கு கொண்ட கை, பின்னொரு நாள் இன்னொருவரின் சுருளைக் காக்க நீண்டது. அவர் மனதில் என்ன நடந்தது என்று நூல் சொல்லவில்லை. ஆனால் மனிதர் மாற முடியும் என்பதற்கு இந்த ஒரு வரிச் செய்தி போதும். எரிந்த சுருள் போனதோடு போகவில்லை. எரேமியா மறுபடி சொல்ல, பாருக்கு மறுபடி எழுதினார். முன்னதைவிட அதிகமாகவே எழுதினார்.

எலெயாசா கொண்டுபோன கடிதம், பாபிலோனில் வீடு கட்டுங்கள், தோட்டம் நடுங்கள், பிள்ளைகளுக்கு மணம் செய்துவையுங்கள், அந்த நகரத்தின் நன்மைக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று சொன்னது. இரண்டு ஆண்டில் திரும்பிவிடலாம் என்ற அனனியாவின் பேச்சைக் காதில் வாங்கிய கூட்டத்துக்கு இது கசப்பு மருந்து. ஆனால் பலர் அப்படியே வாழ்ந்தார்கள். யூதாவின் ஊர் என்று பெயர் பெற்ற பாபிலோனியக் குடியிருப்பைச் சேர்ந்த களிமண் ஆவணங்கள் வெளிவந்திருக்கின்றன. அவற்றில் மிகப் பழையது கி.மு. 572ஐச் சேர்ந்தது. நிலக் குத்தகை, பேரீச்சை, பார்லி, கடன், மாடு, வாரிசுப் பங்கு என்று யூதப் பெயர்களோடு சாதாரண வாழ்க்கை அவற்றில் நிரம்பியிருக்கிறது. தங்கள் பெயரையும் நம்பிக்கையையும் இழக்காமல் அந்நிய மண்ணில் பயிர் செய்த அந்த மக்களின் பேரப்பிள்ளைகளில் சிலர்தான் பின்னால் திரும்பிவந்து ஆலயத்தைக் கட்டினார்கள். எரேமியா நூலைக் கட்டிக்காத்ததும் இவர்களைப் போன்ற தோற்றுப்போன, சிறைப்பட்ட மக்களே. தங்களைக் கண்டிக்கிற நூலைத் தங்கள் வேதமாக வைத்துக்கொண்டார்கள்.

எரேமியா நூலில் 52 அதிகாரங்கள். முழுவதும் படிக்க நேரம் இல்லாதவர்கள் 22, 34, 36 ஆகிய மூன்றையாவது படியுங்கள். நீங்கள் எந்த மதத்தவராக இருந்தாலும் சரி, எந்த மதமும் வேண்டாதவராக இருந்தாலும் சரி. படித்து முடித்தபின், உங்கள் வீட்டிலோ கடையிலோ வயலிலோ உழைத்த யாருக்காவது கூலி பாக்கி இருந்தால், தயவுசெய்து அதை இன்றே கொடுத்துவிடுங்கள்.